எந்தப் படியால் அளப்பது?

நம் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்று உண்டு. "இயற்கை விவசாயத்துல காசு முன்னப்பின்ன இருக்கும், ஆனா நிம்மதி இருக்கு சார்." உடனே கைதட்டல். இதைச் சொல்பவர்களில் என்னைப்போல் பென்ஷன் வாங்குகிறவர்கள் எத்தனை பேர், வயலை மட்டும் நம்பியிருப்பவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணிப் பார்க்கலாம். பாகூர் பக்கம் என் நெல் மழையில் சாய்ந்தாலும் புதுச்சேரி வீட்டில் அடுப்பு எரியும். என் நிம்மதியையும் இரண்டு ஏக்கர் குத்தகைக்காரரின் நிம்மதியையும் ஒரே தராசில் வைக்கக் கூடாது.

மகிழ்ச்சியை அளப்பது எப்படி என்ற கேள்வி பழசு. அரிஸ்டாட்டில் அதை ஒரு நாள் உணர்வாகப் பார்க்கவில்லை. முழு வாழ்வையும் ஒருவர் எப்படி நடத்தினார் என்று பார்க்கச் சொன்னார். பெந்தாம் என்ற ஆங்கிலேயர், இன்பத்தைக் கூட்டு, துன்பத்தைக் கழி, மீதியைப் பார் என்றார். பேங்க்காரனுக்குப் பெந்தாம் சுலபமாகப் புரிவார். ஆனால் எந்தத் தேதிக்கு இருப்பு எடுப்பது?

உலக மகிழ்ச்சி அறிக்கை பயன்படுத்துவது, ஹேட்லி கேன்ட்ரில் என்ற உளவியலாளர் 1965-இல் எழுதிய நூலில் வரும் ஏணி. உங்களுக்கு அமையக்கூடிய மிக மோசமான வாழ்க்கை அடியில், 0. மிக நல்ல வாழ்க்கை உச்சியில், 10. இப்போது எந்தப் படியில் நிற்கிறீர்கள்? இவ்வளவுதான் கேள்வி. 2025 அறிக்கையில் 147 நாடுகளில் நமக்கு 118-ஆவது இடம்.

இதை விவசாயியிடம் எந்த மாதம் கேட்பீர்கள்? நமக்குப் பக்கத்திலேயே, விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளிடம் நடந்த ஓர் ஆய்வு இருக்கிறது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் செய்தது, 2013-இல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. அளந்தது மகிழ்ச்சியை அல்ல, யோசிக்கும் திறனை. வெட்டுக்கு முன்பும் பின்பும் அதே ஆட்களிடம் புதிர்கள் கொடுத்தார்கள். முன்பு சராசரியாக 4.35 சரி, பின்பு 5.45. ஆள் அதேதான். வெட்டுக்கு முன் 78 சதவீதம் பேர் பொருளை அடகு வைத்திருந்தார்கள், பின்பு 4 சதவீதம். கடன் இருந்தவர்கள் 99 சதவீதத்திலிருந்து 13-க்கு இறங்கினார்கள். வெயிலோ மழையோ காரணம் என்று சொல்லவும் வழியில்லை. ஆலை ஆளுக்கொரு தேதியில் வெட்டச் சொல்வதால், ஒரே சமயத்தில் ஒருவர் வெட்டி முடித்திருப்பார், பக்கத்து வயல்காரர் காத்திருப்பார்.

எனக்கு இந்த எண்கள் புதிதல்ல. நகைக்கடன் கவுண்டரில் அதே சங்கிலி, அதே தோடு வருஷா வருஷம் உள்ளே வரும், வெளியே போகும். வைக்க வரும்போது வட்டியை இரண்டு தடவை சொன்னாலும், "சரிங்க சார், கையெழுத்து எங்க?" என்பார்கள். மீட்க வரும்போது அதே ஆள் பைசா வரை கணக்குக் கேட்பார்.

அதனால் ஏணியில் எந்தப் படி என்று ஒரு நாள் கேட்டு எழுதிக்கொண்டால், அது விவசாயியின் வாழ்க்கையைப் பற்றிய எண்ணாக இருக்காது. கேட்ட தேதியைப் பற்றிய எண்ணாகவே இருக்கும்.

நம் வழியில் இந்தக் காத்திருப்பு குறைகிறதா? சிலருக்குக் குறைகிறது. கீரை, வாழை, பால் என்று வாரா வாரம் ஏதோ ஒன்று வருகிறது. உரக்கடையில் கடன் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் மாப்பிள்ளைச் சம்பா போட்டவர் ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் காத்திருக்கிறார், பிறகு மூட்டைகளோடு ஆள் தேடுகிறார். அவரிடம் போய் "உங்களுக்குத்தான் நிம்மதி இருக்கே" என்று விலையைக் குறைத்துக் கேட்கும் நகரத்து வாடிக்கையாளர்களை நான் பார்த்திருக்கிறேன். நிம்மதி என்ற சொல்லை நாமே அவர்கள் கையில் கொடுத்துவிட்டோமோ என்றுகூடத் தோன்றுகிறது.

பூடானைப் பாருங்கள். மொத்த தேசிய மகிழ்ச்சி 2008 அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஒன்பது துறைகள், 33 அளவைகள். அதில் தூங்கும் நேரம் உண்டு. கிராமத்தில் காட்டு விலங்கு பயிரை அழித்ததா என்பதும் உண்டு! பன்றியையும் மயிலையும் மகிழ்ச்சிக் கணக்கில் சேர்த்த நாடு என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை. ஒவ்வொன்றுக்கும் 'இவ்வளவு இருந்தால் போதும்' என்று ஓர் எல்லை வைத்திருக்கிறார்கள். பத்தில் எத்தனை என்று கேட்பதைவிட, போதுமா இல்லையா என்று கேட்பது நம் ஆட்களுக்கும் பழகிய பேச்சு.

பங்கேற்புச் சான்றுக்காக ஒருவர் வயலை ஒருவர் பார்க்கப் போகிறோமே, அந்தப் படிவத்தில் வரப்பு, விதை, இடுபொருள் எல்லாம் கேட்கிறோம். இன்னும் நாலு கேள்வி சேர்க்கலாம். வீட்டு நகை எவ்வளவு அடகில் இருக்கிறது? விற்ற விளைச்சலுக்குப் பணம் கைக்கு வர எத்தனை நாள் ஆனது? போன வாரம் எத்தனை இரவு சரியாகத் தூங்கினீர்கள்? பன்றி, மயில் எவ்வளவு தின்றது? இதை அறுப்புக்கு முன் ஒரு தடவை, விற்ற பிறகு ஒரு தடவை கேட்க வேண்டும். என்னைப் போன்ற பென்ஷன்காரர்களின் பதிலைத் தனிப் பக்கத்தில் எழுத வேண்டும். குறுக்கே ஒரு கோடும் போட்டுவிடுங்கள்.