லயத்திலிருந்து கம்பத்துக்கு

ஈப்போ புந்தோங்கில் கூடியிருக்கும் நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டியவர்களும் எங்களில் உண்டு. மேட்டில் துரை பங்களா, நடுவில் கிராணி வீடு, பள்ளத்தில் லயம். இன வரிசையை எங்களுக்கு முதலில் காட்டியது தோட்டம்தான்.

எங்களோடு வந்திருக்கும் பாட்டி சுங்கை சிப்புட் பக்கம் ஒரு லயத்தில் பிறந்தவர். பிறப்புப் பத்திரம் இல்லை. சுருக்குப்பையில் இன்னும் குடியுரிமை இல்லாதவருக்கான சிவப்பு அடையாள அட்டைதான். தேர்தலன்று பேரனோடு பள்ளிக்கூட வாசல்வரை வருவார், வெளியே நிற்பார்.

1971இல் மலேசியாவில் வந்த புதிய பொருளாதாரக் கொள்கை, இனம் பாராமல் வறுமையை ஒழிப்பதாக வாக்குக் கொடுத்தது. நல்ல வாக்கு. ஆனால் தோட்டம் தனியார் நிலம் என்பதால் கிராம மேம்பாட்டுத் திட்டங்கள் அதன் வேலியோடு நின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பிறகு வீடமைப்பு வந்தது, லயம் காலியானது.

2018 செப்டம்பரில், மீதமுள்ள ஐ.நா. மனித உரிமை உடன்படிக்கைகளை ஏற்போம் என்று பிரதமர் மகாதீர் நியூயார்க்கில் அறிவித்தார். நவம்பர் 23இல், அவற்றில் ஒன்றான, இன ஒதுக்கலுக்கு எதிரான ஐசெர்ட் உடன்படிக்கையை அரசு கைவிட்டது. அப்படியும் டிசம்பர் 8இல் கோலாலம்பூரில் அதை எதிர்த்துப் பெருங்கூட்டம் கூடியது. அமெரிக்காவிலும் கறுப்பருக்கு 1965இல் வாக்குரிமைச் சட்டம் வந்ததிலிருந்து எதிர்ப்பு ஓயவில்லை. அங்கே சட்டம் காத்தது சிறுபான்மையை, இங்கே தனிச்சலுகை மலாய்ப் பெரும்பான்மைக்கு. அச்சமூட்டும் பேச்சு மட்டும் ஒன்றுதான்: "உன் பங்கைப் பிடுங்க வருகிறார்கள்."

ஐசெர்ட் தோற்றதில் எங்களுக்கும் பங்குண்டு. மலாய்க் கம்பத்து ஒட்டுக்கடையில் உட்கார்ந்து அதை விளக்க எங்களில் ஒருவரும் போகவில்லை.

ஆகவே அறிவிக்கிறோம். உதவிக்குத் தேவையே அளவுகோல், இனம் அல்ல. ரப்பர் விலை விழுந்தால் தவிக்கும் மலாய்ச் சிறுதோட்டக்காரரிடமிருந்து ஒரு காசும் பறிக்கச் சொல்லமாட்டோம். இங்கேயே பிறந்து முதிர்ந்தவர்களுக்குக் குடியுரிமை கேட்போம். நம்மைப் 'பெண்டாத்தாங்', வந்தேறி என்றால் கொதிக்கிறோமே, இன்று தோட்டத்தில் உழைக்கும் வங்காளதேசியை நாம் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? கல்யாணப் பேச்சில் சாதி கேட்பவருக்கு இங்கே பொறுப்பு கிடையாது. இதில் எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது, வரட்டும்.

முதல் கூட்டம் புந்தோங்கில் அல்ல. பக்கத்துக் கம்பத்து ஒட்டுக்கடையில், மலாய் மொழியில். பாட்டியும் அட்டையோடு வருகிறார். எங்கள் எல்லாரையும்விட அவர்தான் நல்ல மலாய் பேசுவார்.