மூணு மாத்திரையும் ஒரே மடக்குல...

அம்மாவை ஒரு வருஷமா திட்டித் தீர்த்திருக்கேன். அதுக்குப் பரிகாரமாத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், பொறுத்துக்குங்க மக்களே.

அம்மாவுக்கு தைராய்டு குறைவு. 50 மைக்ரோகிராம் தைராக்ஸின் போட்டுக்கிட்டு சமர்த்தா இருந்தாங்க. போன வருஷம் முட்டிவலின்னு எலும்பு டாக்டர்கிட்ட போனோம். கால்சியமும், ரத்தம் கம்மின்னு இரும்பு மாத்திரையும் எழுதினார். ரெண்டுக்கும் 1-0-0. தைராய்டு மாத்திரைக்கும் ஏற்கனவே 1-0-0. அம்மா என்ன செய்வாங்க? காலையில மூணையும் உள்ளங்கையில வெச்சு, ஃபில்டர் காபியோட ஒரே மடக்கு. டாக்டர் எழுதினதை அச்சு பிசகாம செஞ்சாங்க!

அப்புறம் டிஎஸ்ஹெச் ஏற ஆரம்பிச்சுது. (ஹார்மோன் பத்தலைன்னா இது ஏறும்.) தைராய்டு டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்க்கல. 50 போயி 75 ஆச்சு. அடுத்த தடவை 100. "ஒழுங்கா போடறதில்லையாம்மா?"ன்னு அங்க ஒரு கேள்வி. வீட்டுக்கு வந்ததும் நான் ஆரம்பிச்சேன். "மாத்திரையை நீ முழுங்கறியா, இல்ல பூந்தொட்டிக்குப் போடறியா?" அம்மா பதிலே சொல்லல. முகத்தைத் திருப்பிக்கிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டாங்க.

கடைசியில கண்டுபிடிச்சது யாரு தெரியுமா? எடை பார்க்கற நர்ஸம்மா. "எதோட சேர்த்துப் போடறீங்க?"ன்னு ஒரே கேள்வி. அவ்ளோதான், குட்டு உடைஞ்சுது.

விஷயம் ரொம்ப சிம்பிள். கால்சியமும் இரும்பும் வயித்துக்குள்ள தைராக்ஸினைப் பிடிச்சு வெச்சுக்கும், குடல் அதை உறிஞ்ச விடாது. அதனால நடுவுல 4 மணி நேரமாவது இடைவெளி வேணும். காபியும் இடைஞ்சல்தான். தைராய்டு மாத்திரையை வெறும் வயித்துல, வெறும் தண்ணியோட போட்டுட்டு அரை மணியிலேர்ந்து ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் காபி, டிபன் எல்லாம். இது ஏதோ புது ஆராய்ச்சி இல்ல சாமி, பாடப்புத்தகத்துல இருக்கறது.

"கூட்டம் எவ்ளோ இருக்கு, டாக்டருக்கு ஏது நேரம்?"னு சண்டைக்கு வருவீங்க. தெரியும். ஆனா 1-0-0 எழுத நேரம் இருக்குல்ல? பக்கத்துல "காலை 5, தண்ணியோட மட்டும்"னு எழுத இன்னும் அஞ்சு செகண்ட் ஆகுமா? வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு எலும்பு டாக்டர் கேட்கல. டோஸை ஏத்தறதுக்கு முன்னாடி தைராய்டு டாக்டரும் கேட்கல. மெடிக்கல் ஷாப்காரர் மூணு அட்டையிலயும் பேனாவால ஒரே மாதிரி ஒரு கோடு போட்டுக் கொடுத்துட்டார். மூணு பேரும் விட்ட ஓட்டைக்குப் பழி மட்டும் அம்மா தலையில. நேரம் எழுதாத சீட்டு பாதி சீட்டுதான்னு நான் சொல்வேன்.

இதுல இன்னொரு கூத்து. மாத்திரைகளைப் பிரிச்சதும் 100 முழுசா உடம்புல சேர ஆரம்பிச்சுது. அம்மாவுக்குப் படபடப்பு, தூக்கம் இல்ல. ஆறு வாரம் கழிச்சு டெஸ்ட் எடுத்தா டிஎஸ்ஹெச் தரைக்குப் போயிருக்கு. டோஸைக் குறைச்சாங்க. வயசானவங்களுக்கு தைராக்ஸின் அளவு மீறினா இதயத்துடிப்பு தாறுமாறாகும், எலும்பும் தேயும். எலும்புக்குன்னு கொடுத்த கால்சியம் சுத்தி வளைச்சு எலும்புக்கே வேட்டு வைக்கப் பார்த்திருக்கு!

நம்ம மேலயும் தப்பு இருக்குங்க. தைராய்டு குறைஞ்சா முடி கொட்டும். உடனே டாக்டர்கிட்ட சொல்லாம பயோட்டின் மாத்திரை வாங்கிடறோம். பல லேப் முறைகள்ல அது டெஸ்டையே ஏமாத்தும். டிஎஸ்ஹெச் குறைவாவும் டி4 அதிகமாவும் பொய்க்கணக்கு வரும். பயோட்டின் லேப் டெஸ்டைக் குழப்புதுன்னு அமெரிக்க எஃப்டிஏ 2017லேயே எச்சரிச்சிருக்கு. ரத்தம் கொடுக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியாவது நிறுத்தணும். வைட்டமின்தானே, என்ன பண்ணிடும்னு நினைச்சு மறைக்காதீங்க. அடுத்த தடவை போகும்போது வீட்டுல இருக்கற அத்தனை டப்பாவையும் ஒரு பையில அள்ளிப் போட்டுக் கொண்டுபோய் மேசை மேல கொட்டுங்க. "எதை எத்தனை மணிக்கு?"ன்னு கேளுங்க. பதில் வர்ற வரைக்கும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காதீங்க.

இப்போ எங்க ஃப்ரிட்ஜ் மேல ஒரு பேப்பர் ஒட்டியிருக்கு. 5 மணி தைராய்டு, 6 மணி காபி, மதியம் சாப்பிட்டதும் கால்சியம், ராத்திரி இரும்பு. அதைப் பார்த்துட்டு அம்மா சொன்னது: "இதை அன்னிக்கே எழுதிக் கொடுத்திருந்தா, உங்கிட்ட அவ்ளோ பேச்சு வாங்கியிருக்க மாட்டேன்டி."

என்ன பதில் சொல்றது, சொல்லுங்க?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சுட்டு டோஸை நீங்களா கூட்டிக் குறைக்காதீங்க. நேரத்தை மாத்தினாலும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு, ஆறேழு வாரத்துல டெஸ்ட் எடுங்க. உங்க வீட்டுக் கதையைப் பின்னூட்டத்துல கொட்டுங்க.