முதல்ல விரல், அப்புறம் வாட்ஸ்

"சைட்டுக்கு ஒரு டேபிள் சா வாங்கணும், கம்மி விலையில நல்லதா ஒண்ணு சொல்லு." சிவில் முடிச்சு வேலைக்குப் போன சீனியர்களும், இன்டீரியர் தொழில் ஆரம்பிச்ச நண்பர்களும் கேட்கிற கேள்வி இது. உடனே நாம பார்ப்பது ரெண்டே விஷயம்: எத்தனை வாட்ஸ், என்ன விலை. இந்த வரிசையே தப்பு என்பது என் கருத்து. முதலில் பார்க்க வேண்டியது, அந்த மெஷின் முன்னால் நிற்கப்போகிற ஆசாரியின் விரல்.

இப்போ பல சைட்டுகளில் என்ன நடக்குது? பிளைவுட் பலகையில் ஒரு நீளத் துளை போட்டு, கை கட்டரைக் கவிழ்த்து அடியில் மாட்டி, சுவிட்சை லாக் பண்ணி ஓட்டுறாங்க. காசு மிச்சம், வேலையும் நடக்குது. அந்த மூளையை நான் குறை சொல்லல. ஆனா 4 இன்ச் கட்டர் நிமிஷத்துக்கு சுமார் 12,000 சுற்று சுத்தும். கணக்குப் போட்டுப் பாருங்க, பிளேடு பல்லின் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அதை அவசரமா நிறுத்தணும்னா மேசைக்கு அடியில் கையை விடணும்!

அடுத்த ஆபத்து கிக்பேக். அறுபட்ட பலகை சில சமயம் உள்பக்கமா சுருங்கி பிளேடைக் கவ்வும். பிளேடின் பின்பக்கப் பற்கள் மேல்நோக்கி வருவதால், பலகையைத் தூக்கி ஆள் மேலேயே எறியும். பலகையோடு கையும் பிளேடுக்குள் போகலாம். இதைத் தடுக்கிறது பிளேடுக்குப் பின்னால் நிற்கும் ஒரு சின்ன இரும்புத் தகடுதான். பேர் ரைவிங் நைஃப். பிளேடு ஏறி இறங்கும்போது இதுவும் கூடவே ஏறி இறங்கும். விரல் பட்டதும் 5 மில்லி செகண்டுக்குள் நிற்கிற அமெரிக்க சாஸ்டாப் மெஷின் நம்ம பட்ஜெட்டுக்கு எட்டாது. இந்தத் தகடு எட்டும்.

அடுத்தது ஃபென்ஸ். அது பிளேடுக்கு இணையா பூட்டணும். பிளேடின் முன்பல்லிலிருந்தும் பின்பல்லிலிருந்தும் டேப் வைத்து அளந்து பாருங்க. பின்னால் இடைவெளி குறைஞ்சா பலகை இறுகும், கிக்பேக் வரும். 8-க்கு 4 அடி ஷீட்டைப் பாதியாக அறுக்க, ஃபென்ஸ் 24 இன்ச்சாவது விலகணும்.

அப்போ எதில் மிச்சம் பிடிக்கலாம்? பிளேடு அளவில். 10 இன்ச் பிளேடு சுமார் 80 மி.மீ. ஆழம் அறுக்கும், எட்டேகால் இன்ச் சுமார் 65 மி.மீ. அறுக்கும். நாம பெரும்பாலும் அறுப்பதோ 18 மி.மீ. பிளைவுட். சின்னதே தாராளம். ஸ்டாண்டையும் நாமே வெல்டிங் பண்ணிக்கலாம். ஆனா 1800 வாட்ஸ் மெஷின் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்ப் பிளக்கில் சொருகாம, 16 ஆம்ப் பாயின்ட்டுக்கும் தடியான வயருக்கும் காசு ஒதுக்குங்க.

விபத்து நடந்தா "ஆசாரி கவனமா இல்லை"ன்னு எழுதிட்டுப் போறது சுலபம். ஆனா கான்ட்ராக்டர் வாங்கித் தரும் மெஷினைத் தேர்ந்தெடுப்பது ஆசாரி இல்லை. கொட்டேஷனில் கையெழுத்துப் போடுவது நாளைக்கு நாமதான். அந்தக் கொட்டேஷனில் வாட்ஸுக்கு மேலே ஒரு வரி சேர்த்துக் கேளுங்க: "ரைவிங் நைஃப் இருக்கா?" இல்லைன்னு பதில் வந்தா, எவ்வளவு மலிவா இருந்தாலும் அந்த மெஷின் வேண்டாம்.