களத்தில் நிற்கும் மூன்றாந் தமிழ்

இயல், இசை, கூத்து என முத்தமிழ் முழங்காத மேடை நம்மிடை இல்லை. இயற்றமிழ்க்குக் கழகங்கள் உண்டு. இசைத்தமிழ்க்கு மன்றங்கள் உண்டு. மூன்றாந் தமிழாகிய கூத்துக்கு என்ன உண்டு? சேலம், நாமக்கல் சமவெளியில், அறுவடை முடிந்த வயலிலும் அம்மன் கோயில் முன்றிலிலும் இரவு முழுதும் நின்றாடும் கூத்தன் ஒருவனே உண்டு. அவனுக்கும் 'நாட்டுப்புறக் கலைஞன்' என்றொரு பட்டங்கட்டி ஓரத்தில் உட்கார்த்திவிட்டனர். அந்தப் பட்டமே முதற் கேடு. அதனை உடைத்தெறியாமல் முத்தமிழ் பேசுவது வாய்ப்பந்தலே!

இந்நிலத்தின் இசையும் கூத்தும் நேற்றுத் தோன்றியவையல்ல. நாமக்கல் சமவெளிக்குக் கிழக்கே நிற்கும் கொல்லிமலைக்குத் தலைவன் வல்வில் ஓரி. அவனை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டைப் புரட்டிப் பாருங்கள். காட்டிடை ஓரியைக் கண்ட குழுவின் தலைவன் பாடத் தொடங்குகின்றான். முழவுக்கு மண் இடவும், யாழிற் பண் நிறுத்தவும், யானைக் கைபோலும் தூம்பினை ஊதவும், எல்லரியும் ஆகுளியும் பதலையும் இயக்கவும் ஒவ்வொருவரையும் பணிக்கின்றான். இருபத்தொரு துறையும் முறைப்படப் பாடி முடிக்கின்றனர். ஒழுங்குற்ற இசைக்குழு ஒன்றின் இயக்கம் இதனினும் தெளிவாக எங்கே காட்டப்பட்டுள்ளது? அடுத்த பாட்டிலோ, ஓரியின் கொடையாற் பசி நீங்கிய கூத்தர் ஆடலையும் பாடலையும் மறந்தே போயினர் என்கின்றார் புலவர். அன்று வயிறு நிறைந்ததாற் கூத்தை மறந்தனர். இன்று வயிறு காய்வதாற் கூத்தைத் துறக்கின்றனர். கூத்தில்லாத திங்கள்களில் தறிக்கும் கூலி வேலைக்கும் செல்லும் கூத்தர் எத்துணையர்!

நம் முன்னோர் கூத்தினை வேத்தியல், பொதுவியல் என இரண்டாகப் பகுத்தனர். சிலப்பதிகாரம் இதனைச் சொல்லும். வேந்தன் அவைக்குரியது ஒன்று, பொதுமக்கட்குரியது மற்றொன்று. காண்போரைக் கொண்டு செய்த பகுப்பேயன்றி, இஃது உயர்வு தாழ்வு கொண்டு செய்ததன்று. அச்சிலம்பின் அரங்க இலக்கணத்தை நமக்கு விளக்கித் தந்த அடியார்க்குநல்லாரைக் கொங்கு நாட்டவர் எனக் கொங்குமண்டல சதகம் போற்றுகின்றது. அவர் மேற்கோள் காட்டிய பஞ்சமரபு என்னும் இசைநூலின் ஏட்டைத் தேடியெடுத்து 1973இல் அச்சேற்றியவரும் கொங்கு நாட்டுப் புலவர் தெய்வசிகாமணியாரே. இலக்கணத்தைக் காத்த மண்ணிலேயே, அவ்விலக்கணத்துக்கு உயிரான கூத்தனை இலக்கணம் அறியாதவன் என்று இகழ்வதோ?

கூத்துப் பாட்டை வெறுங்கூச்சல் என்பார் உளர். குளிரூட்டிய அரங்கின் மெத்தையில் அமர்ந்து, திறந்த வெளிக்கென வளர்ந்த குரலை அளப்பவர் அவர். ஒலிபெருக்கி தோன்றாத காலத்தில், ஊர் முழுதும் கேட்க வேண்டிப் பயின்ற குரல் அது. அக்குரலின் உச்சத்தைத் தொட்டுத் தொடரவே முகவீணை கூரிய ஒலியுடன் அமைந்தது. ஆடுவோன் பாடிய அடியைப் பின்பாட்டுக்காரர் வாங்கிப் பாடுவது, அவன் அடவு வைத்து ஆட மூச்சுக்கு இடந்தருவதற்கும், கடைசி வரிசையிலுள்ள கிழவிக்கும் சொல் விளங்குவதற்கும் ஆகும். இருவர் பிடித்த திரைக்குப் பின் நின்று, முகங்காட்டாமற் பாடி வெளிப்படும் கூத்தனைக் காணும்போது, சிலம்பு கூறும் எழினியை நினையாதவன் தமிழ் படித்தவனா?

இசையை அதன் வாழ்விடத்திலிருந்து பிய்த்தெடுத்து ஆராய்வது, மீனைக் கரையிலிட்டு நீச்சலை ஆராய்வது போன்றது. மழை பொய்த்தால் விராட பருவம் ஆடுகின்றனர். மகப்பேறு வேண்டுவோர் அருச்சுனன் தவம் ஆடும் இரவில் தவக்கம்பத்தின் கீழ் மடியேந்தி நிற்கின்றனர். ஒருவர் இறந்துபட்டால் கன்னன் வீழ்ந்த கதையை ஆடித் துயராற்றுகின்றனர். உழவும் பிறப்பும் இறப்பும் கூத்தோடு பின்னிக் கிடக்கின்றன. அதனைக் கால் மணி நேரக் காட்சியாக வெட்டி, அரசு விழாவில் அமைச்சர் வரும்வரை ஆடவிடுவது கூத்தைப் போற்றுவதாகாது. பந்தற்குத் தோரணங் கட்டுவதாகும்.

தமிழிசை இயக்கத்தின் தொண்டினை நாம் மறப்பவரல்லேம். 1917இல் ஆபிரகாம் பண்டிதர் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலால் தமிழிசையின் தொன்மையை நாட்டினார். 1941இல் அண்ணாமலை நகர் மாநாடு தமிழ்ப்பாட்டுக்கு முதன்மை வேண்டுமென்றபோது, சென்னைச் சங்கீத வித்துவ சபை எதிர்த்து நின்றது. அவ்வெதிர்ப்பைக் கடந்து 1943இல் தமிழிசைச் சங்கம் எழுந்தது. ஆயினும் அப்போர் அரங்கின் உள்ளேயே நடந்த போர். பாட்டின் மொழி மீட்கப்பட்டது. பாட்டின் களம் மீட்கப்படவில்லை. தெலுங்குக் கீருத்தனையின் இடத்தில் தமிழ்ப்பாட்டு அமர்ந்தது. கூத்தனோ வாயிலுக்கு வெளியிலேயே நின்றான்.

நம் தனித்தமிழ் அன்பருள்ளும் சிலர் வினவுவர்: "பாரதக் கதை வடவர் கதையன்றோ? பாட்டில் வடசொல் மலிந்துள்ளதன்றோ?" ஆம், மலிந்துள்ளது. அதற்காகக் கூத்தையே கொளுத்துவதா? பாவாணர் 1944 முதல் 1956 வரை சேலம் நகராட்சிக் கல்லூரியில் தமிழ் கற்பித்த மண் இது. சொல்லுக்கு வேர் காண்க என்று கற்பித்தவர் அவர்; ஆட்டத்துக்கும் அவ்வாறே வேர் காண்போம். கதை வடக்கிலிருந்து வந்தது. அடவும் தாளமும் இம்மண்ணில் விளைந்தவை. பாஞ்சாலி இங்கே ஊர்காக்கும் தாயாகிவிட்டாள். அரியணையில் இருப்பவனையும் கேலி செய்யும் கட்டியக்காரனை வியாசர் எழுதவில்லை. நம் உழவர் படைத்தனர். களை மண்டியதென்று கழனியை விற்பவன் உழவனல்லன்.

நாம் இவ்வாறு தயங்கி நிற்க, அயலார் விரைந்து செல்கின்றனர். 2001இல் ஒன்றிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு, சேரநாடாயிருந்த கேரளத்தின் கூடியாட்டத்தை உலகப் பண்பாட்டுச் செல்வமென அறிவித்தது; சப்பானியரின் நோ கூத்தும் உடன் அப்பெருமை பெற்றது. கூடியாட்டத்தின் மொழி சமற்கிருதம். அதனை ஆடும் சாக்கையர்தம் பெயரோ, செங்குட்டுவன் முன் ஆடிய பறையூர்க் கூத்தச் சாக்கையனாகச் சிலம்பிலேயே உள்ளது. நம் தெருக்கூத்துக்கு அவ்வறிவிப்பு இல்லை. அண்ணன்மார் கதையை 1965இல் கொங்குச் சிற்றூரில் இரவிரவாக ஒலிப்பதிவு செய்து நூலாக்கியவர் கனடா நாட்டு அம்மையார் பிரெண்டா பெக். அவர்க்கு நன்றி; நம் பல்கலைக்கழகங்கட்கு வெட்கம்!

இங்கோ விழாக்குழுவினர் கூத்துக்குரிய இரவை 'ஆடல் பாடல்' குழுவுக்கு விற்கின்றனர். திரைப்பாட்டுக்கு அள்ளிக் கொடுக்கும் கை, கூத்தனுக்கு நூறு உருபா கூட்டித் தர நடுங்குகின்றது. இதனினும் இழிவு ஒன்றுண்டு. விழாவுக்குப் பறை வேண்டும். பறையறைவோன் கோயிலுக்குள் வேண்டாவாம்! கலையைத் தலைமேல் வைத்துக் கலைஞனைக் காலால் தள்ளும் குலச்செருக்கு ஒழியாதவரை, தமிழிசை என்று சொல்ல எவர்க்கும் தகுதியில்லை.

தமிழ்ப் பற்றாளரே, செயற்குரியன சில சொல்வோம். உம் ஊர்த் திருவிழாவில் ஓரிரவேனும் முழுக்கூத்துக்கு ஒதுக்கச் செய்க. உரிய ஊதியம் பெற்றுத் தருக. ஆசான்மாரின் பாட்டையும் பண்ணையும் தாளக்கட்டையும் அவர் வாழும்போதே பதிந்து வைக்க. ஓரி, அதியமான், ஔவை கதைகளைக் கூத்தாக்குக. கூத்தர்க்கு எழுதிக் கொடுத்து ஆணையிடாமல், அவரோடமர்ந்து, அவர்தம் அடவுக்கும் மூச்சுக்கும் பொருந்தத் தூயதமிழில் ஆக்குக. பள்ளியில் முத்தமிழ் என்று கற்பிக்கும் ஆசிரியர், மூன்றாந் தமிழைக் களத்தில் மாணவர்க்குக் காட்டுக.

ஓரி பாணர்க்குப் பொன்னும் கொடுத்தான். அதனினும் மேலாக, நின்று கேட்டான். நாமோ இன்னும் கேட்கவே தொடங்கவில்லை. முகவீணை ஓய்ந்த பின் முத்தமிழ் மாநாடு கூட்டிப் பயனில்லை. எழுக! இன்றே களம் நோக்கி நடக்க!