சாவியை எடுக்கும் முன் பின்சீட்டைப் பாருங்கள்

மும்பையில் பிள்ளைகளின் ஆண்டுப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே நம் தமிழ் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடுகிறது. இந்த வருஷம் ஊருக்கு எப்படிப் போவது? காரா, ஃப்ளைட்டா? தாராவி, சயான், செம்பூர், முலுண்டு என்று எங்கே போனாலும் இதே பேச்சுதான். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் என்று சொந்த ஊர் தெற்குக் கோடியில் இருப்பவர்கள் நாம். போகிற வழி மட்டும் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பெட்ரோல் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவு, எத்தனை பெட்டி ஏற்றலாம், ஊரில் கோயில் குளம் சுற்ற வண்டிக்கு என்ன செய்வது என்று அத்தனையும் அலசுகிறோம். பின்சீட்டில் பிள்ளை எப்படி உட்காரும், வண்டியை ஒருவர் எத்தனை மணி நேரம் ஓட்டுவார் என்ற இரண்டு கேள்விகளை யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கு அதுதான் கோபம். பெற்றோரே, அந்தக் கோபத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பணக் கணக்கை நான் மறுக்கவில்லை. லிட்டருக்குப் பதினைந்து கிலோமீட்டர் கொடுக்கும் வண்டிக்குப் போய்வர 215 லிட்டர் பெட்ரோல் வேண்டும். மும்பை விலையில் அது இருபதாயிரத்தைத் தாண்டிவிடும். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் வேறு வந்துவிட்டது. அறிமுகமானபோது 3,000 ரூபாயாக இருந்த அதை வாங்கினால் தேசிய நெடுஞ்சாலையில் 200 முறை சுங்கச்சாவடியைக் கடக்கலாம். மும்பை–புனே விரைவுச்சாலை மாநில அரசின் கையில் இருப்பதால் அங்கே அது செல்லாது, மற்றபடி லாபம்தான். "பாஸ் வாங்கியாச்சு, அதை வீணாக்குவானேன்" என்று வண்டியைக் கிளப்புகிறவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள். நான்கு பேருக்கு மே மாதத்தில் விமான டிக்கெட் எடுத்தால் இந்தச் செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் போகும். ஆக, கார் மலிவுதான். ஆனால் வழியில் இரண்டு இரவு ஒழுங்கான விடுதியில் தங்கி, வேளாவேளைக்குச் சாப்பிட்டு, திரும்பும்போதும் அப்படியே வந்தால் அந்த மிச்சத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். அது கரையக் கூடாது என்றுதான் தங்காமல் ஓட்டுகிறோம். அப்பாவின் தூக்கத்தைப் பறித்துத்தான் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம். அவருக்குக் கண் அசந்தால் அடிபடப் போவது பின்னால் தூங்கும் பிள்ளைகளும்தான்.

"ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பினேன், மறுநாள் ராத்திரி வீட்டு வாசல்ல நிறுத்திட்டேன், ஒரே மூச்சு." ஊர்த் திருவிழாவில் இதைச் சொல்லாத மும்பைக்காரர் குறைவு. சுற்றி நிற்பவர்கள் மெச்சுகிறார்கள். தயவுசெய்து மெச்சாதீர்கள். இரவு எட்டு மணிக்கு மும்பையை விட்டவர் புனேயின் நவலே பாலத்துச் சரிவையும் கம்பாட்கி கணவாயையும் நள்ளிரவை ஒட்டித் தாண்டுவார். கோலாப்பூரைக் கடந்து பெலகாவியை நெருங்கும்போது விடியற்காலை மூன்று, நான்கு மணி. மனித உடம்பு தூக்கத்துக்கு அதிகமாக ஏங்கும் நேரம் அது. டீயும் பாட்டும் ஜன்னல் காற்றும் அந்த நேரத்தில் விழிப்பைக் கொஞ்சம் நீட்டிக்கும், தூக்கத்தை அடித்துவிடாது. கண் திறந்தபடியே மூளை மூன்று நான்கு நொடி அணைந்து எரியும். ஓட்டுகிறவருக்கே அது தெரியாது. மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிற வண்டி மூன்று நொடியில் 80 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். அதே ஆள் பகல் முழுக்க ஓட்டி, பெங்களூரு நெரிசலில் நொந்து, கிருஷ்ணகிரி, தருமபுரி தாண்டித் தொப்பூர் கணவாயில் இறங்கும்போது கிளம்பி இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிரேக் பிடிக்காத லாரிகள் முன்னால் போகிற வண்டிகளின் மேல் ஏறிய இடம் தொப்பூர். தெளிந்த கண்ணோடு இறங்க வேண்டிய சரிவில் நாம் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்குகிறோம்.

இனிப் பின்சீட்டுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

ஆறு மாதக் குழந்தையை அம்மா மடியில் வைத்திருக்கிறார். நான்கு வயதுக்காரன் இரண்டு முன்சீட்டுகளுக்கு நடுவில் நின்றுகொண்டு சாலையைப் பார்க்கிறான். எட்டு வயதுப் பெண் பெட்டிகளுக்கு மேல் போர்வை விரித்துப் படுத்திருக்கிறாள். இன்னும் சிலர் பிள்ளையின் தலையை மேற்கூரைக் கண்ணாடி வழியே வெளியே நீட்டவிட்டுப் படம் எடுக்கிறார்கள். இது எந்த ஏழையின் வண்டியும் அல்ல. பத்துப் பதினைந்து லட்சம் கொடுத்து, ஏர்பேக் எத்தனை என்று விசாரித்து வாங்கிய வண்டி. அந்த ஏர்பேக் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும் பெரியவருக்காகச் செய்தது. முன்சீட்டில் மடியில் இருக்கும் குழந்தையை அதுவே கொன்றுவிடக்கூடும்.

"மடியில வச்சு இறுக்கிப் பிடிச்சுக்கிட்டா போதாதா? அதுக்குத் தனியா ஒரு நாற்காலி வேறயா?" என்று நம் வீட்டு ஆச்சிமார் கேட்பார்கள். அவர்களிடம் கோபம் இல்லை. அவர்கள் பிள்ளை வளர்த்த காலத்தில் இந்த வேகம் இல்லை. ஆனால் படித்த நாம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் எதிலாவது மோதி, முன்பக்கம் நசுங்கி, அரை மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில் நிற்கிறது என்று வையுங்கள். அந்தக் கணத்தில் பத்து கிலோக் குழந்தை நூற்றைம்பது கிலோ மூட்டையின் கனத்தோடு முன்னால் பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது. தாயும் பெல்ட் போடவில்லை என்றால் அவருடைய உடம்பே பிள்ளையை முன்சீட்டோடு வைத்து நசுக்கும். நெடுஞ்சாலையில் நாம் போவது ஐம்பதிலும் அல்ல.

2022 செப்டம்பர் 4 அன்று, பால்கர் மாவட்டத்தில் சூரியா ஆற்றுப் பாலத்தில் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரியின் கார் மோதியது நம் மும்பைப் பக்கத்துச் செய்தி. முன்சீட்டில் இருந்த இருவரும் பிழைத்தார்கள். பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த இருவரும் இறந்தார்கள். மிக விலையுயர்ந்த வண்டிதான் அது. பின்னால் உட்கார்ந்தால் பத்திரம் என்ற நம் நம்பிக்கை அன்றே போயிருக்க வேண்டும். அதே 2022-ல் இந்தியாவில் சீட் பெல்ட் அணியாததால் இறந்தவர்கள் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் கணக்கிட்டது 16,715 பேர். அதில் 8,331 பேர் ஓட்டியவர்கள் அல்லர், கூட உட்கார்ந்திருந்தவர்கள். சட்டமும் 2019 திருத்தத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது: பதினான்கு வயதுக்குக் கீழான பிள்ளையைப் பெல்ட்டாலோ குழந்தை இருக்கையாலோ பிணைக்காமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம். சுங்கச்சாவடியில் யாரும் பிடிப்பதில்லை என்பதால் நாமும் பொருட்படுத்துவதில்லை.

குழந்தை இருக்கை விலை அதிகம் என்கிறீர்கள். பிறந்தநாள் விழாவுக்கு ஹால் பிடிக்கும் வீட்டில் அந்தப் பேச்சு எடுபடாது. கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கை, பின்சீட்டில். மோதும்போது குழந்தையின் கழுத்தும் தலையும் முதுகும் முழுக்கத் தாங்கப்படும். அதற்கு மேல் வளர்ந்த பிள்ளைக்கு முன்னோக்கிய இருக்கை. நாலே முக்கால் அடி உயரம் வரும்வரை உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர். இல்லாவிட்டால் பெரியவர்களுக்கான பெல்ட் பிள்ளையின் கழுத்திலும் வயிற்றிலும்தான் அழுத்தும். உங்கள் வண்டியில் குழந்தை இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று சீட்டின் இடுக்கில் கையை விட்டுப் பாருங்கள். பலருடைய வண்டியில் இருக்கிறது, அவர்களுக்கே தெரியாது. அழுகிறது என்று ஓடும் வண்டியில் குழந்தையை இருக்கையிலிருந்து எடுக்காதீர்கள். வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு எடுங்கள். கைக்குழந்தையை இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அந்த இருக்கையில் விடவும் கூடாது. சிறு பிள்ளையோடு போகும் கார் ஒரே மூச்சில் போகவே முடியாது என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

சரி, விமானம் என்றால்? 2025 ஜூன் 12-க்குப் பிறகு நம்மில் பலர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. ஆமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்து, உள்ளே இருந்த 242 பேரில் 241 பேர் போனார்கள். தரையில் இருந்தவர்களையும் சேர்த்தால் 260. அந்தப் படங்களைப் பார்த்த எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் பயந்து எங்கே ஓடுகிறோம்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். பெரும்பகுதி இருசக்கர வாகனத்தில் போனவர்களும் நடந்து போனவர்களும். காரும் அது போன்ற இலகு வண்டிகளும் எட்டில் ஒரு பங்குதான். அந்த எட்டில் ஒரு பங்கை மட்டும் நாள்கணக்கில் பிரித்தால் ஒரு நாளைக்கு ஐம்பது பேருக்கு மேல் வருகிறது. ஐந்தே நாளில் ஆமதாபாத் எண்ணிக்கையைத் தாண்டிவிடும். அந்தச் சாவுகள் ஒவ்வொன்றாக, ஒவ்வோர் ஊரில் நடப்பதால் தொலைக்காட்சிக்கு வருவதில்லை.

இந்தப் பயத்துக்கு அமெரிக்கா விலை கொடுத்திருக்கிறது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் ஏராளமானோர் விமானத்தைத் தவிர்த்துக் காரில் போனார்கள். அப்படிப் போனதால் அடுத்த ஓராண்டில் சாலையில் கூடுதலாக இறந்தவர்கள் சுமார் 1,500 பேர் என்று கெர்ட் கிகரென்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் கணக்கிட்டார். இன்னொன்றும் உண்டு. விமானத்தில் இரண்டு வயதுக்குக் கீழான குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயம் ஆக்கலாமா என்று அந்நாட்டு விமானத் துறை யோசித்து, 2005-ல் வேண்டாம் என்று முடிவெடுத்தது. தனி இருக்கை பத்திரம் என்பதில் அவர்களுக்குச் சந்தேகம் இல்லை. கூடுதல் டிக்கெட் எடுக்க முடியாத குடும்பங்கள் காரில் கிளம்பிவிடும், அதில் அதிகக் குழந்தைகள் சாகும் என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம்.

விமானத்தில் போகும் பெற்றோரே, நீங்களும் தப்ப முடியாது. உங்கள் பயணத்தில் ஆபத்தான பகுதி வானத்தில் இல்லை. மதுரையிலோ திருவனந்தபுரத்திலோ இறங்கி, ஏழெட்டுப் பெட்டியை ஒரே டாக்ஸியில் திணித்து, பிள்ளைகளை ஆளுக்கொரு மடியில் போட்டு, முன்பின் தெரியாத ஓட்டுநரிடம் "சீக்கிரம் போங்கண்ணே" என்கிறீர்களே, அங்கே இருக்கிறது. மதுரை விமான நிலையத்திலிருந்து திருநெல்வேலிக்கு நூற்றைம்பது கிலோமீட்டர் அளவு நான்குவழிச் சாலை. விலை மலிவு என்று கடைசி விமானத்தைப் பிடித்தால் அந்த நூற்றைம்பதும் நள்ளிரவில் வரும். பகலில் இறங்குகிற மாதிரி டிக்கெட் எடுங்கள். பின்சீட்டு பெல்ட் வேலை செய்கிற வண்டிதான் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். குழந்தை இருக்கையையும் கூடவே கொண்டுபோங்கள்.

இரண்டுக்கும் நடுவில் ரயில் இருக்கிறது, நம் அப்பாமார் நம்மைக் கூட்டிப்போன ரயில். தாதர்–திருநெல்வேலி சாளுக்கியா, மும்பை–நாகர்கோவில் வண்டிகள் இன்றும் ஓடுகின்றன. ஐந்து வயதுக்குள் டிக்கெட் இல்லை. முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். மே மாதப் பயணத்துக்கு மார்ச்சிலேயே உட்கார்ந்து போடாமல், கிடைக்கவில்லை என்று ஏப்ரலில் புலம்பி, கடைசியில் கார் சாவியை எடுப்பது நம் வழக்கமாகிவிட்டது.

காரில் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சித்ரதுர்கா கோட்டையைக் காட்டி, ஹூப்ளிப் பக்கம் சோளரொட்டி வாங்கிக்கொடுத்து, மூன்று பகலில் நிதானமாகப் போகிற குடும்பங்கள் உண்டு. பிள்ளைகளுக்கு அது நல்ல பயணம். அப்படிப் போக முடிந்தால் போங்கள். விடிந்த பிறகு கிளம்பி, இருட்டுவதற்குள் தங்கி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, இரண்டு பேர் மாறி மாறி ஓட்டிப் போங்கள். ஒவ்வொரு தலைக்கும் ஒரு பெல்ட் வேண்டும். நான்கு பேர் பெல்ட்டில் ஆறு பேர் போகாதீர்கள். குக்கரையும் மிக்சியையும் பிள்ளையின் தலைக்குப் பின்னால் அடுக்காதீர்கள்.

வீட்டில் ஆண்பிள்ளை முடிவெடுத்துவிட்டார் என்று ஒதுங்கி நிற்கும் அம்மாமார்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளியில் ஒரு மதிப்பெண் குறைந்தால் ஆசிரியரிடம் போய் நிற்கிற நீங்கள், இதில் வாயைத் திறங்கள். இரவில் ஓட்டமாட்டேன் என்று கணவர் சொல்லும்வரை பெட்டி கட்டாதீர்கள். அப்பாமார்களே, ஊரில் காத்திருக்கும் தாத்தா பாட்டிக்கு நீங்கள் எத்தனை மணி நேரத்தில் வந்தீர்கள் என்பது ஒரு பொருட்டே இல்லை.

இந்த வருஷப் பயணத்தை முடிவு செய்யும் முன், இன்றைக்கே கீழே இறங்கிப் போய் வண்டியின் பின்கதவைத் திறந்து பாருங்கள். பிள்ளைக்கு ஏற்ற இருக்கை அங்கே இல்லையென்றால், வழியில் தங்கப் பணமும் நாளும் ஒதுக்கவில்லையென்றால், அந்த வண்டியை எடுக்காதீர்கள். டிக்கெட் போடுங்கள்.