எலிக்கு எதுக்குய்யா ஸ்கேன்?

"மனுஷனே ஸ்கேனுக்கு க்யூவுல நிக்கிறான். இதுல எலிக்கு எம்.ஆர்.ஐ.யா? கொழுப்புடா!"

நேற்று கேண்டீனில் நண்பன் விட்ட டயலாக் இது. கணையப் புற்றுநோய் ஆராய்ச்சி பற்றிய பேச்சு. பி.காம். படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்கிறீர்களா? இருக்கிறது. இது கணக்கு விஷயம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கட்டி வந்தாலும் வெளியே தெரியாது. எலிக்கும் அப்படியே. 2005இல் உருவாக்கப்பட்ட கேபிசி எலிகளுக்கு, கேராஸ், பி53 மரபணுக்களில் செய்த மாற்றத்தால் கட்டி தானாகவே வரும். எந்த எலிக்கு எந்த வாரம்? யாருக்கும் தெரியாது.

ஸ்கேன் இல்லாவிட்டால், அவ்வப்போது சில எலிகளைக் கொன்று திறந்து பார்க்க வேண்டும். சரி, மருந்தில் கட்டி சுருங்கியதா? அதே எலிக்கு முன்பு எவ்வளவு இருந்தது என்றே தெரியாதே! ஆரம்ப இருப்பு இல்லாமல் லாபம் போடுகிற கணக்கு இது. எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்? ஸ்கேன் இருந்தால் ஒரே எலியைத் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சாகிற எலியும் குறையும். சோதனை விலங்குகளைக் குறையுங்கள் என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959இலேயே எழுதிவிட்டார்கள்.

"எலிக்குப் பலித்தது மனுஷனுக்குப் பலிக்குமா?" இது நியாயமான கேள்வி. 2009இல் கேபிசி எலிகளின் கட்டியை அல்ட்ராசவுண்டில் அளந்து, ஜெம்சிடபினோடு ஐபிஐ-926 என்ற மருந்தையும் கொடுத்தார்கள். கட்டிக்குள் மருந்து கூடுதலாகப் போனது, ஆயுளும் நீண்டது. ஆனால் மனிதர்களிடம் செய்த சோதனை 2012இல் நிறுத்தப்பட்டது. புது மருந்து சேர்த்தவர்கள், ஜெம்சிடபின் மட்டும் எடுத்தவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்தார்கள்.

அப்போ ஸ்கேன் பொய் சொன்னதா? இல்லை. கட்டி அடங்கியது தற்காலிகம்தான் என்று அந்த 2009 ஆய்விலேயே இருக்கிறது. அந்த மருந்து தடுக்கிற ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞையை நெடுநாள் தடுத்தால் கட்டி இன்னும் மூர்க்கமாகிறது என்று 2014இல் எலிகளிலேயே தெரிந்தது. கருவி சரியாகத்தான் எழுதியது. வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டுக் கைதட்டியது மனிதர்கள். ஆகவே எலியை ஸ்கேன் செய்வதை நிறுத்தாதீர்கள். இன்னும் அதிக நாள் செய்யுங்கள், கடைசிப் பக்கம் வரை படியுங்கள்.

என் பெரியப்பாவுக்குக் கண் மஞ்சளான பிறகுதான் நோய் தெரிந்தது. அப்புறம் நான்கு மாதம். காசு கொழுப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஒப்பாதவர்கள் தாராளமாகத் திட்டலாம். கணக்கோடு வந்து திட்டுங்கள்.