சாவி கைக்கு வந்தால் வீடு வந்துவிட்டதா?

ஊரில் கிடந்த அரை ஏக்கரை விற்று, பெண்டு பிள்ளைகளின் நகையை அடகு வைத்து, பி.எஃப்.பில் முன்பணம் எடுத்து, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, மும்பையில் நம்மவர் ஒருவர் ஒன் ரூம் கிச்சன் வாங்குகிறார். பால் காய்ச்சுகிறார். சங்கத்துத் தோழர்களுக்குக் கேசரி கிடைக்கிறது. அதோடு காரியம் முடிந்ததாக நாம் அனைவரும் நினைத்து விடுகிறோம். முடியவில்லை தோழர்களே, பாதிதான் ஆகியிருக்கிறது.

சென்ற மாதம் சங்க அலுவலகத்துக்கு ஓர் அம்மா வந்தார். கணவர் இறந்து ஓராண்டு. பதினாறு வருடங்களுக்கு முன் வாங்கிய வீடு. கிரயப் பத்திரம் ரிஜிஸ்தர் ஆகியிருக்கிறது. ஆனால் சொசைட்டியின் பங்குப் பத்திரத்தில் இன்றைக்கும் விற்றவரின் பெயர். கரண்டு பில்லோ அவருக்கும் முந்தியவரின் பெயரில் வருகிறது. இப்போது கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டப் போகிறார்கள். உறுப்பினர் பட்டியலில் அந்தக் குடும்பம் இல்லை. "மெயின்டனன்ஸ் பணம் மாதம் தவறாமல் கட்டினோமே ஐயா" என்றார். கட்டியிருக்கிறார்கள்தான். ரசீதுகளை ஒரு மஞ்சள் பையில் கொண்டு வந்திருந்தார். அத்தனையும் விற்றவரின் பெயரில்!

சொசைட்டிக்காரர்களை மட்டும் ஏசிப் பயனில்லை. கேட்டு வாங்காதவர்கள் நாம்.

ஊரில் பத்திரம் முடிந்த மறுநாளே பட்டா மாற்றத் தாலுகா ஆபீசுக்கு ஓடத் தெரிந்தவர்கள் நாம். இங்கே அடுக்குமாடி வீட்டுக்குத் தனிப் பட்டா கிடையாது. பத்திரம் கையெழுத்தாகி நான்கு மாதத்துக்குள் அதை ரிஜிஸ்திராரிடம் தாக்கல் செய்து, இன்டெக்ஸ்-2 என்ற மராத்திச் சுருக்கத் தாளையும் வாங்கிக் கொள்ள வேண்டும். அதற்கடுத்து, கூட்டுறவு சொசைட்டியின் பங்குப் பத்திரத்தில் நம் பெயர் ஏற வேண்டும். இதற்கான படிவங்களில் விற்றவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பதைப் பலர் அறிவதில்லை. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் அன்றே அந்தக் கையெழுத்துகளை வாங்கி விடுங்கள். பணம் வாங்கிக் கொண்டவர் பிறகு புனேக்கோ துபாய்க்கோ போய்விட்டால், அவரைத் தேடிப் பிடிப்பது நம் தலையில்தான் விழும்.

பெயர் மாற்ற "நன்கொடை" என்று லட்சக்கணக்கில் கேட்கிற சொசைட்டிகள் உண்டு. 2001-இல் மாநில அரசு போட்ட உத்தரவின்படி, மாநகராட்சிப் பகுதியில் மாற்றுப் பிரீமியம் 25,000 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது. விண்ணப்பத்துக்கு மூன்று மாதத்துக்குள் பதில் வர வேண்டும். மறுத்தால் காரணம் எழுதித் தர வேண்டும். கூட்டுறவுத் துறை ரிஜிஸ்திராரிடம் முறையிடவும் வழி இருக்கிறது. இது தெரியாமல் ஏஜெண்டு சொன்னதைக் கொடுத்துவிட்டு, "என்ன செய்வது, அந்நிய மாநிலம்" என்று சலித்துக் கொள்வதை நாம் ஒப்புக்கொள்ள முடியாது.

கரண்டு மீட்டர், காஸ், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல் ஆகியவற்றில் முகவரி மாற்றுவது பெரிய வித்தையல்ல. நம்மைக் கவிழ்ப்பது பெயர். சுடலைமுத்து மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக் கொள்வோம். ஆதாரில் அவர் எஸ். முருகன். பத்திரத்தில் முருகன் சுடலைமுத்து. வங்கியில் சுடலைமுத்து முருகன். மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியாது. கவுண்ட்டரில் இருப்பவர் "ஆட்நாவ்?" என்கிறார். குடும்பப் பெயர் என்னவென்று அவர் கேட்பது நியாயமான கேள்விதான். அவர்கள் வழக்கம் அது. நமக்கோ அப்படி ஒன்று இல்லை. பதற்றத்தில் ஒருவர் ஊர்ப் பெயரைச் சொல்கிறார். இன்னொருவர் சாதியைச் சொல்லிவிடுகிறார். 1929-இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தை விடுவதென்று தீர்மானம் போட்ட மரபில் வந்த நாம், ஒரு காலிக் கட்டத்தை நிரப்புவதற்காக அதை மறுபடி ஒட்டிக் கொண்டு வரலாமா? தகப்பனார் பெயரைக் கடைசியில் எழுதுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக எல்லாத் தாளிலும் அதையே எழுதுங்கள். ஏற்கனவே கோணலாகிப் போனவர்கள், ஒரே ஆள்தான் என்று அபிடவிட் எடுத்து, முதலில் ஆதாரைச் சரி செய்து கொள்ளட்டும்.

மனைவி பெயர் பத்திரத்தில் ஏன் இல்லை? நகை அவருடையதுதானே? 2021 ஏப்ரலிலிருந்து மகாராஷ்டிரத்தில் பெண் பெயரில் வாங்கும் வீட்டுக்கு முத்திரைத் தீர்வையில் ஒரு சதவிகிதம் சலுகை கொடுத்தும், நம் ஆண்களுக்கு மனம் வரவில்லை. நாமினேஷன் படிவத்தை மூன்று பிரதி எழுதி சொசைட்டியில் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். ஆனால் நாமினி என்பவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார். வாரிசுகளுக்காகப் பொறுப்பில் வைத்திருப்பவர்தான். அந்த அம்மாவுக்கு இரண்டும் இல்லை. இப்போது வாரிசுச் சான்றுக்கும், பதினாறு வருடத்துக்கு முந்திய மனிதரின் கையெழுத்துக்கும் அலைகிறார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. குடிசைப் பகுதியில் "பவர்" எழுதி வாங்கிக் கொண்டு, வீடு வாங்கிவிட்டோம் என்று இருப்பவர்கள். வெறும் பவர் பத்திரத்தால் சொத்துரிமை மாறாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியாகிவிட்டது. தாராவியில் 2024 முதல் கணக்கெடுப்பு நடந்தபோது எத்தனை பேர் பழைய தாள்களைத் தேடி ஓடினார்கள் என்பதைப் பார்த்தோம். 2000 ஜனவரி 1 என்ற வெட்டுத் தேதிக்கு முன் அங்கே இருந்ததைக் காட்டும் தாள் எது கிடைத்தாலும், விற்றவரிடமிருந்து அதன் அசலைக் கேட்டு வாங்குங்கள்.

இந்த அலட்சியம் சோம்பலால் மட்டும் வந்ததல்ல. 1960-களின் கடைசியில் இந்நகரில் தென்னிந்தியர்களுக்கு எதிராகக் கிளர்ச்சி நடந்தபோது, கதவில் பெயர்ப் பலகை மாட்டவே பயந்த பெரியவர்கள் உண்டு. "எப்படியும் ஊருக்குத் திரும்பத்தானே போகிறோம்" என்ற எண்ணமும் சேர்ந்து கொண்டது. யார் திரும்பினார்கள்? பேரப் பிள்ளைகள் மராத்தியில் சண்டை போட்டுக் கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே சங்கம் ஒரு காரியம் செய்ய வேண்டும். மாதம் ஒரு ஞாயிறு, மராத்தி வாசிக்கத் தெரிந்த நம் இளைஞர்கள் இருவரை உட்கார வைத்து, வீடு வாங்கியவர்களின் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். காசு கிடையாது, ஏஜெண்டு கிடையாது. முதல் ஞாயிறு நிர்வாகக் குழுவினரே தங்கள் பைகளைக் கொண்டு வரட்டும். எங்களில் இருவருக்குப் பங்குப் பத்திரத்தில் இன்னும் பெயர் மாறவில்லை.